தண்ணீர் கேட்காத தோட்டம்

பெஞ்சல் புயலில் மயிலம் பக்கம் பெய்த மழையைப் பற்றி இந்தச் சித்திரை வெயிலில் யாரிடமாவது சொன்னால், வெயில் மண்டைக்கு ஏறிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். அப்படிப் பெய்தது. செண்பகத்தின் தோட்டம் அந்த ஒரு ராத்திரி மழையில் போய்விட்டது. எங்கள் பக்கம் தோட்டம் என்றால் வீட்டுக்குப் பின்னால் உள்ள இடம். குளிப்பது, துவைப்பது, பாத்திரம் கழுவுவது, ஒரு செடி வைப்பது எல்லாம் அங்கேதான். செண்பகத்துக்கு அங்கே ஒரு முருங்கையும் ஒரு வாழைக் கூட்டமும் இருந்தன. முருங்கை காற்று அடிக்காமலே முறிகிற ஜாதி, புயலுக்குக் கேட்க வேண்டுமா? வாழை தண்ணீரில் நின்று கிழங்கோடு அழுகியது. வருஷமெல்லாம் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிற காலனியில் தண்ணீர் அதிகமாகி வாழை செத்தது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். செண்பகம் சிரிக்கவில்லை. அவளுக்கு அப்போதெல்லாம் சிரிக்கிற தெம்பு இல்லை.

அந்த வாழைக்குப் பாய்ந்தது அவள் புருஷன் சின்னக்கண்ணு குளித்த தண்ணீர். சின்னக்கண்ணு ஊரில் நிலம் உள்ளவர்களுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்க்கொண்டிருந்தவர். கரும்போ நெல்லோ, மண்வெட்டியோடு இறங்கி மடை திருப்பி, கடைசிப் பாத்தி நிரம்பும்வரை நின்றுவிட்டு வருவார். பாய்ச்சியது எல்லாம் அடுத்தவர் நிலம். கரும்பு வெட்டுக் காலத்தில் லோடு ஏற்றவும் போவார். அப்படி ஒரு தடவை லாரியின் உச்சியில் கரும்புக் கட்டுகளைக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தபோது கால் சறுக்கிக் கீழே விழுந்தார். முதுகுத்தண்டு போனது. இடுப்புக்குக் கீழே அவருக்கு இப்போது ஒன்றும் தெரியாது. எறும்பு கடித்தாலும் செண்பகம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அவர் படுத்திருப்பது நாடாக் கட்டிலில். தினம் காலையில் செண்பகம் கட்டிலோடு அவரைப் பின்வாசல் வழியாக இழுத்து, வெளியே இறவாரத்துக்குக் கீழே கருங்கல் பாவிய இடத்தில் நிறுத்துவாள். வாசற்படியைத் தாண்டுவதற்கு ஒரு பலகை போட்டிருக்கிறாள். அங்கேயே துணியை உருவி, ராத்திரி ஆனதையெல்லாம் கழுவித் துடைத்து, பிறகு தலையிலிருந்து தண்ணீர் ஊற்றுவாள். ஊற்றுகிற தண்ணீர் நாடாவின் சந்து வழியாகக் கல்லில் விழுந்து, ஒரு சின்ன வாய்க்கால் வழியாக வாழைக்குப் போகும். படுக்கைப் புண் வராமல் இருக்க வேண்டுமானால் இதை விடக் கூடாது என்று நர்சம்மா சொல்லியிருந்தாள். செண்பகம் விட்டதில்லை. அதற்கு விலையாக அவள் இடுப்பு போய்க்கொண்டிருந்தது. காலையில் எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்வாள்.

பொங்கலுக்கு மகள் கலையரசி வந்தாள். வானூர்ப் பக்கம் ஒரு நர்சரியில் வேலை செய்கிறாள், அங்கேயே கல்யாணமும் ஆகிவிட்டது. காலியாகக் கிடந்த தோட்டத்தையும், இடுப்பில் கை வைத்தபடி நடக்கிற அம்மாவையும் பார்த்து அவளுக்குப் பொறுக்கவில்லை. போகிப் பழையது கொளுத்திய சாம்பல்கூட ஆறவில்லை, கோலமாவு டப்பாவை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கிவிட்டாள்.

"யம்மா, இங்க பாரு. இந்தப் பக்கம் மோடு, அந்தப் பக்கம் பள்ளம். மழ பேஞ்சா ஓடிப் போவாம இருக்க, இப்படி அரவட்டம் அரவட்டமா கர போட்டுக்கினு வர்றேன். ஒவ்வொரு வட்டத்துலயும் ஒரு செடி."

"பேஞ்சாத்தானேடி?"

"பேயாத நாளுக்குத்தான் இந்தச் செடிங்களே. சீத்தா, நெல்லி, களா, ஆவாரை, பெரண்ட. வேரு புடிக்கிற வரைக்கும் பான புதைச்சி வக்கிறேன். பானையில ஊத்துனா அது கசிஞ்சி கசிஞ்சி வேருக்குப் போவும். அப்பால உன்ன ஒரு செம்பு தண்ணி கேக்காது."

கோலமாவில் அவள் போட்ட வட்டங்களை மண்வெட்டியால் கரையாக்கினாள். நர்சரியிலிருந்து கொண்டுவந்த கன்றுகளை நட்டு, ஒவ்வொன்றைச் சுற்றியும் குவாரிக் கல் அடுக்கினாள். மார்கழி, தை மாசத்துப் பனி கல்லில் பூத்து வேருக்கு இறங்குமாம், வெயில் காலத்தில் கல் மண்ணை மூடிக் காப்பாற்றுமாம். கல்லுக்கு மேலே மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையின் தோலும் காய்ந்த கரும்புச் சோகையும் பரப்பினாள். பக்கத்து வீட்டு வீரம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏண்டி கலை, செடிக்கு மெத்த தலாணி எல்லாம் போட்டுக் குடுக்கிறியே, எனக்கு எவளாச்சும் போட்டுக் குடுப்பாளா?"

"நீ வந்து நில்லு அத்த, உன்னச் சுத்தியும் கல்லு வக்கிறேன்."

கட்டிலில் படுத்தபடியே பின்வாசல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த சின்னக்கண்ணுவும் சிரித்தார். "எந்தண்ணிய எங்கடி வுடப்போற?" என்று கேட்டார்.

"யப்பா, உன் தண்ணியில சோப்பு, டெட்டாலு, எல்லாம் கீது. இந்தச் செடிங்களுக்கு ஆவாது. அதுக்குத் தனியா குழி எடுத்து ஜல்லி கொட்டிடறேன். ஈ மொய்க்காது, நாத்தமும் இருக்காது. அம்மாவும் தெனம் குடம் தூக்க வோணாம். ரெண்டு நாளைக்கி ஒருவாட்டி குளி, மத்த நாளு துணியால தொடச்சா போதும். நர்சம்மாவ கேட்டுட்டேன்."

சொன்னபடியே வாய்க்காலைத் தூர்த்து, கருங்கல்லுக்குப் பக்கத்தில் குழி எடுத்து ஜல்லி போட்டாள். அவள் செய்ததில் ஒரு குறை சொல்ல முடியாது. பெற்றவள் இடுப்பைப் பார்த்துப் பார்த்துச் செய்தது அது.

தோட்டம் நன்றாகவே வந்தது. மாசியில் ஆவாரை பூத்தது. பங்குனியில் காலனியே வெள்ளையாகக் காய்ந்து கிடந்தபோது களாவும் நெல்லியும் கரும்பச்சையாக நின்றன. நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். செண்பகம் பாத்திரம் கழுவிய தண்ணீரைக்கூட வீரம்மாளின் எருமைக்கு ஊற்றினாள். செடிக்கு வேண்டியிருக்கவில்லை.

சின்னக்கண்ணு முதலில் குளிக்க மாட்டேன் என்று சொன்னது தை மாசக் கடைசியில். பனி விழுந்துகொண்டிருந்தது, ஓட்டிலிருந்து சொட்டியது. "குளுருது, இன்னிக்கி வோணாம்" என்றார். நியாயம்தான் என்று அவள் விட்டுவிட்டாள். மறுநாளும் வேண்டாம் என்றார். பிறகு பனி போய் வெயில் வந்தது. குளிர் என்று சொல்ல முடியாததால் தலைவலி என்றார், சளி என்றார், கடைசியில் காரணம் சொல்வதையே விட்டுவிட்டு வேண்டாம் என்று மட்டும் சொன்னார். செண்பகம் ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் துணியை மாற்றினாள்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் செண்பகத்துக்கு இடுப்பு வலி குறைந்தது. கட்டிலை இழுக்க வேண்டியதில்லை, குடம் சேர்க்க வேண்டியதில்லை. மல்லாட்டை ஆயப் போய்விட்டு வந்து, கேப்பைக் கூழைக் கரைத்து, பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு நிம்மதியாகக் குடித்தாள். சாப்பிட்ட கையோடு சுவரில் சாய்ந்து தூங்கினாள். மனுஷி எத்தனை வருஷம் கழித்து அப்படித் தூங்கினாள் என்று யாரைக் கேட்பது? அவர் குளிக்காதது அவளுக்குப் பிடித்திருந்தது. அதனால்தான் அவர் தண்ணீர் குடிப்பதும் குறைந்துவிட்டதை அவள் கவனிக்கவில்லை.

சித்திரை பிறந்ததும் அவருக்குக் காய்ச்சல் கண்டது. மூத்திரம் கஷாயம்போலக் கலங்கி இறங்கியது. வீரம்மாளும் அவளுமாக ஆட்டோவில் போட்டு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மருந்து ஏற்றிக் காய்ச்சலை இறக்கிய பிறகு, சின்ன வயசு டாக்டரம்மா செண்பகத்தைக் கட்டிலிலிருந்து கொஞ்சம் தள்ளிக் கூப்பிட்டுச் சொன்னாள். தண்ணீர் குடித்தே ஆக வேண்டும், இன்னொரு தடவை இப்படி வந்தால் கிட்னி தாங்காது, ஆள் பிழைக்கமாட்டார் என்றாள். செண்பகம் தலையாட்டினாள். ஆஸ்பத்திரி வாசலில் நின்று, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் மறுபடி அதே கதை. செம்பில் தண்ணீர் வைத்தால் அப்படியே இருந்தது. ஒரு நாள் மத்தியானம், வெளியே அனல் பறந்துகொண்டிருந்த நேரத்தில், செண்பகம் செம்பை எடுத்து அவர் வாயில் வைத்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். தண்ணீர் கழுத்தில் வழிந்தது.

"ஏன்யா இப்படிப் பண்ற? டாக்டரம்மா இன்னா சொன்னாங்க தெரியுமா?"

"தெரியும். எங்காதுலயும் வுழுந்துச்சி."

"அப்போ குடியேன்."

"குடிச்சா போவணும். போனா நீ அள்ளணும்."

"இத்தினி வருசமா அள்ளல? புதுசா இன்னா வந்துச்சி?"

அவர் கூரையைப் பார்த்தார். பிறகு, "அப்போ வாழ இருந்துச்சி" என்றார்.

"வாழைக்கும் இதுக்கும் இன்னாய்யா சம்பந்தம்? பேஜாரு பண்ணாத."

"நீ எம்மேல ஊத்துன தண்ணி வாழைக்குப் பாஞ்சிது. படுத்துக்கினே பாப்பேன். வாய்க்கால்ல போயி, அந்த மூலைக் கன்னுல முட்டி, திரும்பி நிக்கும். சரி, சின்னக்கண்ணு இன்னிக்கும் ஒரு பாத்தி பாய்ச்சிட்டான்னு நெனச்சிக்குவேன். பீயி மூத்தரம் எல்லாம் கழுவுற, எனக்கு வெக்கமாத்தான் இருக்கும். ஆனா அது எங்கியோ ஒரு எடத்துல பாஞ்சி ஒரு தாரு தள்ளுச்சி. ஊரு பூரா குடுத்த, ஞாபகம் கீதா?"

"கீது."

"இப்போ எங்க போவுது? குழிக்குள்ள போவுது. நீ இடுப்பு ஒடிய நாலு குடம் தூக்கியாந்து, எம்மேல ஊத்தி, குழியில வுடற. எங்கொழந்த தோட்டம் போட்டுது, நல்லாத்தான் கீது. அதுக்கு யாரும் வோணாம். நீயும் வோணாம், நானும் வோணாம். நான் வாயக் கட்டிக்கினு கெடந்தா சீக்கிரமா முடியும். நீயும் நிமிந்து நடப்ப."

செண்பகத்துக்குக் கோபம் வந்தது. கையில் இருந்த செம்பைத் தரையில் அடித்தாள். "சாவறதுக்கு எங்கிட்ட கணக்கு சொல்றியா நீ? எனக்கு நிமிர வோணாம்யா!" என்று கத்தினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் வெளியே போய் ஜல்லிக் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிரே அவள் பெண் போட்ட தோட்டம் அந்த வெயிலிலும் ஒரு இலை வாடாமல் நின்றது. அதைப் பார்க்க அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

சாயந்திரம் அவள் தண்ணி டேங்குக்குப் போனாள். காலனிக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் திறந்துவிடுகிற பிரான்சிஸ் அங்கே இருந்தார். டேங்கிலிருந்து கசிகிற தண்ணீரில் அவர் நாலு வாழை வைத்திருந்தார். ஊரில் பச்சையாக இருந்த வாழை அவை மட்டும்தான்.

"அண்ணே, ஒரு கன்னு பேத்துக் குடு."

"இந்த வெயில்லயாமா? மழ வரட்டும், நல்ல கன்னா நானே பேத்துத் தர்றேன்."

"இப்பவே வோணும்."

"உம் பொண்ணு தண்ணியே வோணாத தோட்டம் போட்டுக் குடுத்துட்டுப் போயிருக்குதாமே, ஊரே பேசுது. அதுல போயி வாழைய வைக்கிறன்ற. வாழைக்கி தெனம் ஊத்தணும் தெரியுமில்ல?"

"தெரியும்ணே. ஜல்தியா பேத்துக் குடு, கூழு ஊத்தணும்."

பிரான்சிஸ் கடப்பாரையால் இடுப்பளவு கன்று ஒன்றைக் கிழங்கோடு பேர்த்துக் கொடுத்தார். கூடவே வாய்க்கு வந்ததைச் சொல்லிக் கேலி பண்ணினார். அவள் கன்றைத் தோளில் சாத்திக்கொண்டு வந்து, குழியில் இருந்த ஜல்லியை வாரிக் கொட்டிவிட்டு அந்த இடத்திலேயே நட்டாள். நடும்போது ஒரு குடம் ஊற்றினாள். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

பின்வாசல் திறந்திருந்தது. சின்னக்கண்ணு எல்லாவற்றையும் பார்த்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அடுத்த நாள் வெயில் வழக்கம்போலக் காய்ந்தது. மத்தியானத்துக்குள் வாழை இலை இரண்டும் நரம்போடு மடங்கித் தொங்கிவிட்டன. செண்பகம் வேலைக்குப் போகவில்லை. கூழ் கொடுத்தாள், இரண்டு வாய் குடித்தார். தண்ணீர் கொடுத்தாள், வேண்டாம் என்றார். "சரி" என்று எடுத்துக்கொண்டு போனாள். அதற்கு மறுநாள் இலையின் ஓரம் கருகியது. சின்னக்கண்ணுவின் தலை சுவர்ப் பக்கம் இருந்தது, ஆனால் அவள் அடுப்படிக்குப் போகிறபோதெல்லாம் கட்டில் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கே மனசு கேட்கவில்லை. இரண்டு தடவை குடத்தில் கை வைத்துவிட்டு எடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கலையரசி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகத் தோட்டத்துக்கு வந்தாள். கையில் அப்பாவுக்கு இளநீர் இருந்தது. வாழையைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"யம்மா, இன்னா இது? குழிய தூத்துட்டியா? அதுல வாழையா?"

"ஆமாண்டி."

"சித்திரையில எவனாச்சும் வாழ வைப்பானா? உன் இடுப்ப பாத்துப் பாத்து நான் தண்ணி கேக்காத செடியா வச்சிட்டுப் போனா, நீ தெனம் குடிக்கிறதா கொண்டாந்து வச்சிருக்கிற. வச்சதுதான் வச்ச, தண்ணியாச்சும் ஊத்தணுமா வோணாமா? இன்னிக்கித் தாண்டாது இது."

"தாண்டலன்னா போவட்டும்."

கலையரசி அம்மாவை முறைத்துவிட்டு, குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டுகொண்டு வாழையிடம் போனாள். செண்பகம் ஓடிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஊத்தாதடி."

"வுடும்மா, செத்துடும்."

"சாவட்டும். உங்கப்பன் பாக்கட்டும்." அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "நீ போட்ட தோட்டத்துல ஒரு கொறையும் இல்ல கண்ணு. ஆனா அந்தாளு இல்லாமயே அது நல்லாருக்குது. அத்தப் பாத்துப் பாத்துத்தான் வாயக் கட்டிக்கினாரு. குளிச்சா ஒரு செடிக்காச்சும் பாயணுமாம். இல்லன்னா ஒரு சொட்டு வோணாமாம்."

கலையரசி செம்போடு நின்றாள். தான் கல் அடுக்கிய வட்டங்களை ஒரு முறை பார்த்தாள். அவள் முகம் கோணியது.

"நான் உனக்காகத்தாம்மா..."

"தெரியும்டி. எனக்குத் தெரியாதா?"

இரண்டு பேரும் இறவாரத்து நிழலில் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியது. வேலிக்கு அந்தப் பக்கம் வீரம்மாள் கருவாடு வறுக்கும் வாசனை வந்தது. செண்பகத்துக்குப் பயமாக இருந்தது. கன்று செத்துவிட்டால் அதற்கப்புறம் அவரிடம் காட்டுவதற்கு அவளிடம் வேறு ஒன்றும் இல்லை.

உச்சிப்பொழுது தாண்டிய பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது. காய்ந்துபோன தொண்டையிலிருந்து முதலில் சத்தம் சரியாக எழும்பவில்லை. அவர் கனைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டார்.

"ஏய், செண்பகம்!"

"இன்னா?"

"உன் வேலை எனக்குத் தெரியும்டி. வோணும்னுட்டே வச்சிட்டு, வோணும்னுட்டே காய வுடற. வாயில்லாத கன்னு அது. எங்கண்ணு முன்னால வச்சிக் கொல்லாத."

"நீ உன் கண்ண மூடிக்க."

கட்டில் கிறீச்சிட்டது.

"கட்டிலு வெளிய வரட்டும். கொடத்த எடு."

கலையரசி ஒரு பக்கமும் செண்பகம் ஒரு பக்கமுமாகக் கட்டிலைப் பலகைமேல் இழுத்துக் கருங்கல்லில் நிறுத்தினார்கள். வெளிச்சத்துக்கு அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டார். இத்தனை நாளில் எலும்பாகப் போயிருந்தார். செண்பகம் முதல் செம்பை மொண்டு தலையில் ஊற்றப் போனாள். அவர் கையை உயர்த்தி அதை வாங்கினார். வாங்கி, அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலிச் செம்பைத் திருப்பி நீட்டிவிட்டு, "ம், ஊத்து" என்றார்.

தண்ணீர் நாடாவில் இறங்கி, கல்லில் விழுந்து, வாழையடியில் போய்ச் சேர்ந்தது. காய்ந்த மண் அதை உடனே குடித்துவிட்டது. "பத்தாது" என்றார் சின்னக்கண்ணு, கழுத்தைத் திருப்பி அதையே பார்த்தபடி. "இன்னும் ரெண்டு கொடம் புடிக்கும். நாளைக்கும் ஊத்தணும். வெயில் தணியற வரைக்கும் ஒரு நாளும் வுடக் கூடாது."

குடம் காலியாகிவிட்டது. செண்பகம் அதை எடுக்கக் குனிந்தாள். இடுப்பில் அந்தப் பழைய வலி வந்து பிடித்தது, பாதியில் நின்றுவிட்டாள். நாளைக்கு, நாளை மறுநாள், அதற்கடுத்த நாள் என்று அவர் உசிரோடு இருக்கிறவரைக்கும் இந்தக் கட்டிலும் இந்தக் குடமும்தான் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. குனிந்தபடியே அழுதாள்.

"அழுவாதம்மா, அதான் குடிச்சிட்டாரில்ல" என்று கலையரசி அவள் முதுகைத் தடவினாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள். செண்பகம் இல்லையென்று சொல்லவில்லை. மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடிக்கு நடந்தாள்.